‘போலிஸ் பேசுகிறேன்’ என்று வீட்டுக்கு அழைப்பு வந்தால்

பினாங்கு ஜெலுத்தோங்கில் தனியாக இருக்கும் உங்கள் அம்மாவுக்கு, வீட்டுத் தொலைபேசியிலும் கைப்பேசியிலும் ஒரு வாரம் போலிஸ் என்றும், மறுவாரம் வருமான வரி வாரியம் என்றும், பிறகு பார்சல் நிறுவனம் என்றும் மாறி மாறி அழைப்புகள் வருகின்றன. கோலாலம்பூரில் வேலையில் இருக்கும் உங்களால் நினைத்தவுடன் ஓடிப்போய்ப் பார்க்க முடியவில்லை. எது உண்மையான அழைப்பு, எது ஏமாற்று என்று அம்மா எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பின் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கோலாலம்பூரில் ஒரு வங்கிக் கிளையின் முகப்பிலும் பின்னர் கணக்குப் பிரிவிலும் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அழைப்பு உண்மையா பொய்யா என்று முதலில் கண்டறிவோம், பிறகு அதற்குத் தக்கபடி நடப்போம் என்ற வரிசையில்தான் நாம் எல்லோரும் யோசிக்கிறோம். அம்மாவுக்கு அந்த வரிசை வேண்டாம். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே உண்மையைக் கண்டறிய முயல்கிறவர்தான் பெரும்பாலும் சிக்குகிறார், ஏனென்றால் அவர் கேட்கக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் எதிர்முனையில் பதில் தயாராக இருக்கிறது. தொலைபேசியை வைத்துவிட்டு, வீட்டு மனிதர் ஒருவரிடம் நடந்ததைச் சொல்வதே முதல் வேலை. உண்மையா என்று விசாரிப்பது அதற்குப் பிறகு, நிதானமாக, நாமே தேடி எடுத்த எண்ணில் செய்ய வேண்டியது. பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் நேரில் வந்து விசாரித்தார் என்பதற்காக உண்மையான அரசு அலுவலகம் எதுவும் ஒருவரைத் தண்டிக்காது. மோசடிக்காரர்களால் தாங்க முடியாதது அந்த இடைவெளி ஒன்றைத்தான். கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்து கிளைப்பவை.

இந்நாட்டில் ‘மக்காவ் ஸ்கேம்’ என்று பொதுவாகச் சொல்லப்படும் மோசடி எப்படி நடக்கிறது என்பதை அம்மா ஒருமுறை முழுதாகக் கேட்டிருப்பது நல்லது. ஏற்கெனவே கேட்ட கதை மறுபடி காதில் விழும்போது மனம் தானாகவே விழித்துக்கொள்ளும். தொடக்கம் பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும். பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று, உங்கள் பெயரில் ஒரு பார்சல் தடுத்து வைக்கப்பட்டுள்ளது என்றோ, உங்கள் தொலைபேசி இணைப்பு இன்னும் சற்று நேரத்தில் துண்டிக்கப்படும் என்றோ மலாயில் சொல்லி, விவரம் அறிய இன்ன எண்ணை அழுத்தச் சொல்லும். அழுத்தினால் மரியாதையாகப் பேசும் ஒருவர் வருவார். பார்சலில் மற்றவர்களுடைய அடையாள அட்டைகள் இருந்தன என்பார். அல்லது உங்கள் பெயரில் செலுத்தப்படாத வரி இருக்கிறது, உங்கள் பெயரில் யாரோ காப்புறுதிப் பணம் கோரியிருக்கிறார்கள் என்பார். “எனக்கு ஒன்றும் தெரியாதே, ஐயா” என்று அம்மா சொன்னவுடன் அவர் அம்மாவின் பக்கமே சேர்ந்துகொள்வார். உங்கள் ஐசியை யாரோ தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள், உடனே போலிஸில் புகார் செய்துவிடுங்கள், நீங்கள் சிரமப்பட வேண்டாம், நானே இணைப்புத் தருகிறேன் என்பார்.

தூண்டில் முள் அந்த இணைப்பில்தான் இருக்கிறது. அழைப்பு ‘மாற்றிவிடப்படும்’ போலிஸ் தலைமையகம் பெரும்பாலும் சபாவிலோ சரவாக்கிலோ கிளந்தானிலோ இருக்கும். பினாங்குச் சாலையில் உள்ள மாநிலப் போலிஸ் தலைமையகம் என்று சொன்னால் அம்மா பேருந்து ஏறி நேரே போய்விடலாம் அல்லவா, அதனால்தான் தூரத்து ஊர். பின்னணியில் வாக்கி டாக்கி இரைச்சல் கேட்கும். ஒரு சார்ஜன் பேசுவார். அவர் வாக்குமூலம் எடுப்பதுபோல வங்கிகளின் பெயர்களையும் ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்வார். பிறகு இன்ஸ்பெக்டர் ஒருவரிடம் கொடுப்பார். இந்த இன்ஸ்பெக்டர் வந்தவுடன் குரல் மாறும். உங்கள் கணக்கில் போதைப்பொருள் பணம் புழங்கியிருக்கிறது, 2001ஆம் ஆண்டு பணச் சலவைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் உங்களைக் கைது செய்ய வாரண்டு பிறப்பிக்கப்பட்டுள்ளது என்பார். சற்று நேரத்தில் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு கடிதம் வரும். அரசுச் சின்னம், அம்மாவின் முழுப்பெயர், ஐசி எண், சில நேரங்களில் புகைப்படம்கூட இருக்கும். சீருடை அணிந்த ஒருவர் காணொளி அழைப்பில் தோன்றுவதும் உண்டு.

அதன் பிறகுதான் முக்கியமான வாக்கியம் வரும். இது அரசு இரகசியச் சட்டத்தின்கீழ் வரும் விசாரணை, வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது, பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களையும் கைது செய்ய நேரிடும் என்பார்கள். பணத்தைப் பற்றிய பேச்சைவிட இந்த வாக்கியத்தை அம்மா நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளட்டும். குற்றம் ஒன்றை விசாரிக்கும் எந்த அதிகாரியும், வயதான ஒருவர் தன் மகளிடம் பேசுவதைத் தடுக்க மாட்டார். கைது செய்யப்பட்டவருக்கே உறவினர் ஒருவரிடமும் வழக்கறிஞரிடமும் தொடர்புகொள்ளும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு தருகிறது. கைதே ஆகாத ஒருவருக்குத் தொலைபேசியில் யாரோ வாய்ப்பூட்டுப் போடுகிறார் என்றால், அந்த இடத்திலேயே விஷயம் முடிந்துவிட்டது. மேற்கொண்டு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை.

“ஆனால் என் ஐசி எண்ணைச் சரியாகச் சொன்னார்களே” என்பதுதான் ஏமாந்தவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் சொன்ன வார்த்தை. நம் அடையாள அட்டை எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மொத்தம் 12 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், தேதி. அடுத்த இரண்டும் பிறந்த மாநிலத்தின் குறி. பினாங்குக்கு 07, பேராக்குக்கு 08, கோலாலம்பூருக்கு 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். ஆக, ஒருவருடைய பிறந்தநாளும் ஊரும் தெரிந்தவருக்கு அந்த எண்ணில் எட்டு இலக்கங்கள் ஏற்கெனவே தெரியும். மீதி நான்கையும் நாமே ஊரெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்: கிளினிக் பதிவேட்டில், அடுக்குமாடிக் காவலர் கூண்டில், பேரங்காடியின் அதிர்ஷ்டக் குலுக்கல் படிவத்தில், கடன் அட்டை விற்க வந்த பையனின் தாளில். 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருந்தும், பட்டியல்கள் கசிவதும் விற்கப்படுவதும் நிற்கவில்லை. எனவே பெயர், ஐசி எண், முகவரி, பிள்ளைகளின் பெயர் ஆகிய எதையும் அழைப்பவர் சொல்வது அவர் அதிகாரி என்பதற்குச் சான்று ஆகாது. அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சான்று.

திரையில் தெரியும் எண்ணும் அப்படித்தான். இணையவழி அழைப்பில், திரையில் எந்த எண் தெரிய வேண்டும் என்பதை அனுப்புகிறவரே அமைத்துவிட முடிகிறது. “நான் சொல்வதை நம்ப வேண்டாம், இந்த எண்ணைக் கூகளில் தேடிப் பாருங்கள்” என்று அவர்களே சவால் விடுவார்கள். தேடினால் அது உண்மையாகவே ஒரு போலிஸ் நிலையத்தின் அல்லது வங்கியின் எண்ணாக இருக்கும். அந்த எண் அந்த அலுவலகத்துக்குச் சொந்தம் என்பது உண்மைதான். அழைப்பு அங்கிருந்து வந்தது என்பதுதான் பொய். நீங்கள் அதே எண்ணுக்கு உங்கள் கையால் அழுத்தி அழைத்தால் உண்மையான அலுவலகத்துக்குப் போவீர்கள். ஆகவே வைத்துவிட்டு நாமே அழைப்பதும், அவர்கள் இணைத்துவிடுவதை ஏற்காமல் இருப்பதும் ஒன்றின் இரண்டு பக்கங்கள். முடிந்தால், அழைப்பு வந்த தொலைபேசியை விட்டுவிட்டு வேறொன்றிலிருந்து அழைப்பது இன்னும் பாதுகாப்பு.

உண்மையான அலுவலகங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாட்சியாக ஒருவரை விசாரிக்க வேண்டுமானால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 111ஆம் பிரிவின்கீழ் போலிஸ் அதிகாரி எழுத்து மூலமாக அழைப்பாணை கொடுக்கலாம். வாக்குமூலத்தை 112ஆம் பிரிவின்கீழ் பதிவு செய்வார். ஓர் உண்மையான அதிகாரி தொலைபேசியில் அழைத்து, இன்ன நாளில் நிலையத்துக்கு வர முடியுமா என்று கேட்பது நடக்கக்கூடியதுதான். ஆனால் அவர் வங்கியிருப்பைக் கேட்க மாட்டார், வாரண்டைப் புலனத்தில் அனுப்ப மாட்டார், ‘விசாரணை முடியும்வரை’ பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்ல மாட்டார். வருமான வரி வாரியமான எல்.எச்.டி.என். கேட்கும் வரி தனி மனிதர் ஒருவரின் பெயரில் உள்ள கணக்குக்குப் போகாது. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா பொதுமக்களுக்குக் கணக்கு வைத்துத் தருவதே கிடையாது. ஆகையால் ‘பேங்க் நெகாராவின் பாதுகாப்புக் கணக்கு’ என்று எவர் சொன்னாலும் அப்படி ஒன்று இல்லை. நம் வங்கிச் செயலிகளில் பணம் அனுப்பும் முன் பெறுகிறவரின் பெயர் திரையில் வரும். நீதிமன்ற அபராதம் என்று சொல்லிவிட்டு அங்கே யாரோ ஒரு தனிமனிதரின் பெயரோ கேள்விப்படாத வணிகப் பெயரோ வந்தால், அது மோசடிக்காரர்கள் பணத்தைக் கடத்த வாடகைக்கு எடுத்த, ‘கெல்டாய்’ (கழுதை) கணக்கு என்று சொல்லப்படும் பிறர் கணக்கு.

இந்த மிரட்டல் ஒருவரை எப்படிப் பிடித்து வைக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்தால் நம்புவது கடினம். ஒருநாள் முற்பகலில், உங்கள் அம்மா வயதை ஒத்த ஓர் அம்மையார், பிரிக்பீல்ட்ஸ் பக்கமிருந்து வழக்கமாக வருகிறவர், நிரந்தர வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்பே உடைக்க வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, மகனுக்கு வீடு வாங்க முன்பணம் என்றார். மகனைப் பற்றி வழக்கமாக நிறையப் பேசுகிறவர் அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைப்பையின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது; உள்ளே கைப்பேசித் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது, அழைப்பு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பணமெடுப்புச் சீட்டின் பின்புறத்தில், “அம்மா, போனில் யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா?” என்று தமிழில் எழுதி அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். கைப்பேசியை வாங்கி நான் அழைப்பைத் துண்டித்த பிறகும், “சார் கோபித்துக்கொள்வார், மறுபடி போட்டுக் கொடுங்கள்” என்று கெஞ்சினார். பின் அறையில் உட்காரவைத்து, எங்கள் பதிவில் இருந்த எண்ணில் மகனை அழைத்து, மகனின் குரல் காதில் விழுந்த பிறகுதான் அவர் அழுதார். விவரமானவர், கணக்கு வழக்கில் யாரும் அவரை ஏய்க்க முடியாது. வங்கியில் கேட்டால் என்ன பொய் சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அறிவு குறைந்தவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மணிக்கணக்காக ஒரே குரலை மட்டும் கேட்கவைத்து, மற்ற எல்லாக் குரல்களையும் அடைத்துவிட்டால் யாருக்கும் இது நேரும்.

நம் பெரியவர்களிடம் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு அரசாங்கக் கடிதம் என்றாலே ஒரு நடுக்கம் உண்டு. மலாயில் அதிகாரமாக ஒருவர் பேசினால், “பாய்க், துவான்” (சரி, ஐயா) என்று பணிந்துதான் பழக்கம். எதிராளி பேசி முடிக்கும் முன் தொலைபேசியை வைப்பது மரியாதைக் குறைவு என்று நாமே அவர்களுக்கும் அவர்கள் நமக்கும் சொல்லி வளர்ந்திருக்கிறோம். ஆகவே அம்மாவிடம், “அறிமுகம் இல்லாதவரின் அழைப்பைத் துண்டிப்பது தவறில்லை, அம்மா” என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் போதாது.

பணம் பறிபோகும் வழிகளில் ஒன்றை மட்டும் தனியாக எச்சரிக்கிறேன், ஏனென்றால் அதைக் கேட்டவுடன் ஆபத்தில்லாததுபோலத் தோன்றும். “பணத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம், உங்கள் பெயரிலேயே புதிய கணக்கு ஒன்றைத் திறந்து, எல்லாப் பணத்தையும் அதில் போட்டு வையுங்கள், விசாரணை முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம்” என்பார்கள். என் பெயரில்தானே இருக்கிறது என்று மனம் அமைதியாகிவிடும். ஆனால் கணக்குத் திறக்கும்போது பதிவு செய்யவேண்டிய கைப்பேசி எண் என்று அவர்கள் ஓர் எண்ணைத் தந்திருப்பார்கள், அல்லது இணைய வங்கிச் சேவையின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ‘கணக்காய்வுக்கு’ என்று கேட்டு வாங்கியிருப்பார்கள். பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் டேக் (TAC) எண்ணும் ஒப்புதல் கோரிக்கையும் அவர்கள் கைக்கே போகும். ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்து வைத்திருந்த ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதும் இப்படிப் போனவர்கள் உண்டு.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். “அக்கா, நான்தான், குரல் தெரியவில்லையா?” என்று தொடங்கும் அழைப்பு நம்மவர்களிடம் நன்றாகவே வேலை செய்கிறது. தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, “யாரு, பட்டர்வொர்த் சேகரா?” என்று நாமே ஒரு பெயரைக் கொடுத்துவிடுவோம், அந்த நொடியிலிருந்து அவர் சேகர் ஆகிவிடுவார். எண் மாறிவிட்டது, பதிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்பார். ஓரிரு நாள் கழித்து அவசரமாக இரண்டாயிரம் வெள்ளி கைமாற்றுக் கேட்பார். பெயரை நாம் கொடுக்கவே கூடாது. சேகரின் பழைய எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்டால் முடிந்தது. பிள்ளையின் குரலில் அழுகையோடு வரும் அழைப்புக்கும் இதே மருந்துதான். குரலைப் போலவே பேசவைக்கும் கணினி நுட்பம் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. எனவே குரலை நம்பி முடிவெடுக்க வேண்டாம், வைத்துவிட்டு உங்கள் எண்ணுக்கு அம்மா அழைக்க வேண்டும்.

பேசியபடியே புலனத்தில் ஒரு கோப்பை அனுப்பி, இதைத் திறந்து நிறுவுங்கள் என்பது இன்னொரு வகை. திருமண அழைப்பிதழ், அரசு உதவித்தொகை, வீடு துப்புரவுச் சேவை என்று எந்தப் பெயரிலும் வரும். கோப்பின் பெயர் ஏ.பி.கே. (.apk) என்று முடியும். அதை நிறுவினால் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளை அவர்கள் படிக்க முடியும். நட்சத்திரக் குறியோடு 21 என்று தொடங்கும் ஒரு குறியீட்டை அழுத்தச் சொன்னால், அது உங்களுக்கு வரும் அழைப்புகளை அவர்கள் எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. தவறி அழுத்தியிருந்தால் ##002# என்று அழுத்தி எல்லாத் திருப்பங்களையும் நீக்கலாம். ஒரே ஒரு மணி அடித்து நின்றுபோகும் வெளிநாட்டு எண்களைத் திரும்ப அழைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

இனி அம்மா செய்ய வேண்டியது. வீட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு தடித்த அட்டையை ஒட்டி வையுங்கள். அதில் பெரிய எழுத்தில் உங்கள் எண், வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் வங்கியின் எண், மோசடிப் புகாருக்கான 997 ஆகிய மூன்றும் இருக்கட்டும். அவற்றுக்குக் கீழே அம்மா சொல்ல வேண்டிய மலாய் வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வையுங்கள்: “மாஆஃப், சாயா தாக் ஜாவாப் டாலாம் தெலிபோன். சாயா பெர்கி பாலாய் செண்டிரி.” மன்னிக்கவும், தொலைபேசியில் பதில் சொல்ல மாட்டேன், நானே போலிஸ் நிலையத்துக்குப் போகிறேன் என்று பொருள். சொன்னவுடன் வைத்துவிட வேண்டும், எதிர்முனையின் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. பயந்த நிலையில் சொந்தமாக வாக்கியம் அமைக்க வராது. பார்த்துப் படிக்க வரும். உங்களோடு பேசும்போது ஓரிரு முறை ஒத்திகை பாருங்கள்; நீங்களே போலிஸ்காரர்போலப் பேசி, அம்மா அட்டையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வைக்கட்டும்.

அழைப்பை எடுத்துவிட்டாலே பணம் போய்விடும் என்று சில பெரியவர்கள் பயந்து, தொலைபேசி மணி அடித்தாலே நடுங்குகிறார்கள். அது தேவையில்லை. எடுத்ததாலும், “ஹலோ” என்றதாலும் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு காசும் நகராது. எண்ணையோ, கடவுச்சொல்லையோ, ஒப்புதலையோ, பணத்தையோ நாம் கொடுத்தால்தான் நகரும். அதேபோல, மோசடி என்று தெரிந்த பின் அவர்களைத் திட்டுவதும், விளையாட்டாகப் பேச்சை வளர்ப்பதும் வேண்டாம். பேசப் பேச நம்மைப் பற்றிய ஏதோ ஒரு விவரம் நழுவும்; இந்த எண்ணில் பேசுகிற மனிதர் இருக்கிறார் என்பதும் அவர்கள் பட்டியலில் பதிவாகும்.

நீங்கள் செய்ய வேண்டியவையும் சில உண்டு. அம்மாவை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போய், நாளொன்றுக்கு இணையவழி அனுப்பக்கூடிய தொகையின் வரம்பை அவருடைய மாதச் செலவுக்குத் தேவையான அளவுக்குக் குறைத்துவிடுங்கள். பெரிய தொகை நிரந்தர வைப்பில் இருந்தால், அதை இருவர் பெயரில் வைத்து, இருவரும் கையெழுத்திட்டால்தான் எடுக்கலாம் என்று மாற்றலாம்; கணக்கில் ஒரு பகுதியை இணையவழி தொட முடியாதபடி பூட்டி வைக்கும் வசதியையும் சில வங்கிகள் தருகின்றன. அம்மாவின் சம்மதத்தோடு, அவருக்கு விளங்கச் சொல்லிச் செய்ய வேண்டும். சேமிப்பு அவருடையது, கண்காணிப்புக்கு உள்ளாகிவிட்டோம் என்ற வருத்தம் அவருக்கு வந்தால், அடுத்த அழைப்பை உங்களிடம் சொல்லாமல் மறைப்பார். அறிமுகமில்லாத எண்களை ஒலிக்காமல் செய்யும் அமைப்பு பெரும்பாலான திறன்பேசிகளில் இருக்கிறது. ஆனால் மருத்துவமனைத் தவணை உள்ளவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், உண்மையான அழைப்பும் தவறிவிடும். வீட்டுத் தொலைபேசியில் இத்தகைய அழைப்புகளைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை என்றால், அதைத் துண்டித்துவிடுவது பற்றி அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

சந்தேகப்படும் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ, போலிஸின் வர்த்தகக் குற்றப் புலனாய்வுத் துறை நடத்தும் ‘செமாக் மூல்’ தளத்தில் இட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே புகார் பதிவான எண்ணானால் காட்டும். காட்டவில்லை என்பதற்காக அந்த எண் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நேற்றுத் திறந்த கெல்டாய் கணக்கின்மீது புகார் எதுவும் இருக்காது. தொல்லை தரும் எண்களைப் பற்றி மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் 1-800-188-030 என்ற எண்ணில் முறையிடலாம். பேங்க் நெகாராவின் பெயரைச் சொல்லி வந்த அழைப்பைப் பற்றி அதன் 1-300-88-5465 என்ற எண்ணில் கேட்கலாம்.

எவ்வளவு கவனமாக இருந்தும் பணம் போய்விட்டால், நேரம்தான் எல்லாம். பணம் முதல் கணக்கில் தங்காது. அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது என்று பிரிந்து ஓடி, சில மணி நேரத்தில் ரொக்கமாகவோ வெளிநாட்டுக்கோ போய்விடும். தேசிய மோசடி நடவடிக்கை மையம், அதாவது என்.எஸ்.ஆர்.சி., 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டதே இந்த ஓட்டத்தை இடைமறிக்கத்தான். போலிஸ், பேங்க் நெகாரா, தொடர்பு ஆணையம், வங்கிகள் எல்லாம் அதில் சேர்ந்து வேலை செய்கின்றன. அதன் எண் 997. அதற்கும், உங்கள் வங்கியின் மோசடிப் புகார் எண்ணுக்கும் உடனே அழைக்க வேண்டும். எந்த வங்கிக் கணக்குக்கு அனுப்பப்பட்டது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிமாற்றக் குறிப்பு எண் என்ன என்ற விவரங்களை எடுத்து வைத்துக்கொண்டு பேசினால் நேரம் மிச்சமாகும். அவை எல்லாம் கிடைக்கும்வரை அழைப்பைத் தள்ளிப்போடவும் கூடாது. வங்கிச் செயலியில் கணக்கை உடனே முடக்கும் ‘கில் சுவிட்ச்’ வசதி இருக்கிறது. அம்மாவின் வங்கியில் அது எங்கே இருக்கிறது என்பதை இன்றே பார்த்து வையுங்கள். ஏ.பி.கே. கோப்பு நிறுவப்பட்டிருந்தால், அந்தக் கைப்பேசியின் இணையத்தையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறொரு கைப்பேசியிலிருந்து அழையுங்கள். செய்திகளையும் கடிதங்களையும் அழிக்காதீர்கள், அவை சாட்சியம். பிறகு அருகிலுள்ள போலிஸ் நிலையத்தில் புகார் செய்து நகலை வாங்கிக்கொள்ளுங்கள். மோசடி தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவில் வரும் குற்றம். பத்து ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் உண்டு.

அந்த நேரத்தில் அம்மாவைத் திட்டாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். “எத்தனை தடவை சொன்னேன்” என்ற சொல்லுக்குப் பயந்தே பலர் நாட்கணக்கில் மறைத்துவிட்டுப் பிறகு வந்தார்கள். அதற்குள் கணக்குகள் காலியாகியிருந்தன. இப்போதே, எதுவும் நடப்பதற்கு முன்பே, “எப்போது என்ன ஆனாலும் முதலில் என்னிடம் சொல்லுங்கள், நான் கோபப்பட மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்து வையுங்கள்.

பணம் இழந்தவர்களின் பட்டியலும் கைமாறுகிறது. சில வாரங்கள் கழித்து, இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று வழக்கறிஞர் பெயரிலோ போலிஸ் பெயரிலோ மீண்டும் அழைப்பு வரும். அதுவும் அதே கூட்டம்தான். வங்கி தன் பங்கில் தவறியது என்று உங்களுக்குத் தோன்றினால், முதலில் வங்கியிடம் எழுத்து மூலமாக முறையிட்டு அதன் இறுதிப் பதிலைக் கடிதமாகப் பெறுங்கள். அதில் நிறைவில்லை என்றால், 2025 ஜனவரியிலிருந்து செயல்படும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் (முறையீட்டு நடுவர்) சேவையிடம் கொண்டுபோகலாம். தனிநபரிடம் அங்கே கட்டணம் கேட்பதில்லை, ஆனால் முறையீட்டுக்குக் காலவரம்பு இருக்கிறது. வங்கியின் பதில் வந்த வாரத்திலேயே போலிஸ் புகார் நகலையும் பரிமாற்றச் சான்றுகளையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.